அஞ்சு வருஷக் கேரண்டி

ஹார்ட் டிஸ்க் வாங்குவதில் எனக்கு இருந்த கர்வத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ நடத்துகிறோம். வீடு அரியலூரில். தினமும் காலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் உட்கார்ந்து நான் டிஸ்க்குகளைப் பற்றிப் படித்துக்கொண்டு வருவேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் சீரியல் பார்ப்பார்கள். நான் எந்த கம்பெனி டிஸ்க் எந்தச் சூட்டில் செத்துப்போனது என்று யாரோ எழுதியதைப் படிப்பேன்.

வாங்கியவர்கள் எழுதும் கருத்துகளை நம்ப முடியாது என்பதை சீக்கிரமே கண்டுபிடித்தேன். பெட்டி நசுங்கி வந்ததென்று ஒரு நட்சத்திரம் போடுவார்கள். கலர் நன்றாக இருக்கிறதென்று ஐந்து போடுவார்கள். இரண்டு வருஷம் பயன்படுத்திவிட்டு எழுதியதை மட்டும் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். ஓடு வேய்ந்ததுபோல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடத்தை ஏற்றி எழுதும் டிஸ்க் வேண்டாம், அடிக்கடி எழுதி அழிக்கும் எங்கள் வேலைக்கு அது இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்றாத வகை டிஸ்க் வேகமானது, ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்று பயம். சுற்றுகிற வகை போவதற்கு முன் கொஞ்சம் முனகும். இதெல்லாம் எனக்கு அத்துபடி. பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடைக்காரரே என்னிடம் அபிப்பிராயம் கேட்பார்.

"பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்பார் என் கணவர்.

"உங்க வூட்டைப் பத்தியும் கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம்னு எனக்கும் அப்பப்ப தோணும்" என்பேன் நான்.

என்னுடைய தனி வேலை, லப்பைக்குடிக்காடு கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது. அங்கே நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடக்கும், அதை என் கணவர் எடுப்பார். பெண்கள் இருக்கும் இடத்துக்கு வெளி ஆண்கள் வரக் கூடாது. அதனால் கேமராவோடு நான் போவேன். அந்தப் படங்களை எடிட் செய்வதும் நான்தான். என் கணவர் கண்ணில்கூடப் படாது. சுற்று வட்டாரத்தில் இப்படி ஒரு பெண் கிடைப்பது அபூர்வம் என்பதால் அந்த ஊரில் எனக்கு நல்ல பெயர்.

அந்தக் கல்யாணத்தில் பெண்ணின் அம்மா என்னை முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணின் படம் யாரோ ஒருவர் ஃபோனில் போய், அங்கிருந்து இன்னொரு ஃபோனுக்குப் போய், இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆகிவிட்டதாம். "எத்தனை எடத்துல வச்சிருப்பீங்கம்மா படத்தை?" என்று கேட்டார்.

இரண்டு இடத்தில் என்றேன். எங்கள் ஸ்டூடியோவின் விதி அது. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

"ரெண்டு வேணாம்மா. ஒரே எடத்துல இருக்கட்டும். ரெண்டு எடத்துல இருந்தா நாலு எடத்துக்குப் போயிரும். ஒண்ணு, உங்க கையில. மாப்பிள்ளை சபர்லேர்ந்து அடுத்த லீவுல வரட்டும், பொண்ணும் அவரும் உக்காந்து பொறுக்கிக் குடுக்குறதை ஆல்பமா போட்டுத் தந்துட்டு, மிச்சத்தை அழிச்சிருங்க."

வெளிநாட்டு வேலைக்குப் போவதை அங்கே சபர் என்பார்கள். மாப்பிள்ளை கல்யாணம் முடிந்த கையோடு திரும்பவும் போக வேண்டியவர்.

ஒரே இடத்தில் வைப்பது நல்லதில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் கணவர் அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்கோ என் டிஸ்க் ஞானத்தின் மேல் அத்தனை நம்பிக்கை. ஒரே இடம்தானே, அந்த ஒரு இடத்தை நல்ல இடமாகப் பார்த்து வாங்கிவிட்டால் போயிற்று. அந்தக் கல்யாணத்துக்கென்றே புதிதாக ஒரு டிஸ்க் வாங்கினேன். மற்றவை இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று வாரண்டி கொடுக்கும்போது இது ஐந்து வருஷம் கொடுத்தது. நம்பிக்கை இல்லாமல் எந்தக் கம்பெனியாவது ஐந்து வருஷம் எழுதிக் கொடுக்குமா?

கல்யாணம் முடிந்து அவர்கள் வீட்டுத் தரையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்து, அந்த அம்மாவின் கண் முன்னால் கேமரா கார்டுகளிலிருந்து டிஸ்க்குக்கு ஏற்றினேன். படங்கள் திறக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே கார்டுகளை அழித்தேன்.

"நெசமா அழிஞ்சிருச்சாம்மா?"

"அழிச்சாச்சும்மா. இனிமே இதுல மட்டும்தான் இருக்கு."

அவர் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கெட்டுப் போவாதே?"

"அஞ்சு வருஷம் கேரண்டிம்மா" என்றேன். கடையில் எல்லோரும் வாரண்டியைக் கேரண்டி என்றுதான் சொல்கிறோம். மிக்ஸிக்கும் கேரண்டி, ஃபேனுக்கும் கேரண்டி. அவர் தலையாட்டிக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

டிஸ்க் எங்கள் அரியலூர் வீட்டு பீரோவில், என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் போனது. மாப்பிள்ளைக்கு லீவு தள்ளிக்கொண்டே போனது. நான் வேறு கல்யாணங்களுக்குப் போனேன், வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு காதுகுத்து, குரும்பலூரில் ஒரு வளைகாப்பு என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணே ஃபோன் செய்தாள்.

"அக்கா, அம்மா மௌத்தாயிட்டாங்க."

நெஞ்சு வலி என்று திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா படம்னு ஒண்ணுகூட இல்லைக்கா எங்ககிட்ட. ஆதார் கார்டுல இருக்கறதுதான். அதுல அம்மா மாதிரியே இல்ல. நானும் அம்மாவும் கட்டில்ல உக்காந்திருந்தப்ப ஒண்ணு எடுத்தீங்களே, அது ஒண்ணு மட்டும் போதும்க்கா. சுவத்துல மாட்ட இல்ல, எங்க வூட்டுல படம் மாட்ட மாட்டோம். பீரோவுல வச்சுக்கத்தான்."

"நாளைக்கே கொண்டு வரேம்மா" என்றேன்.

டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் சொருகினேன். டிக் என்றது. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் டிக். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றி எத்தனை பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். ஒயரை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பீரோவில் சும்மா கிடந்த டிஸ்க், யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. டிஸ்க்கின் சீரியல் நம்பரை கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். வாரண்டி இருக்கிறது என்று பச்சை எழுத்தில் வந்தது. எனக்கு உயிர் வந்தது. உண்மையிலேயே வந்தது. பரீட்சையில் பாஸான மாதிரி "இன்னும் வாரண்டி இருக்குங்க!" என்று கத்தினேன். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்பதே எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெண் கேட்பதற்கு முன்னால் நானே ஃபோன் செய்தேன். டிஸ்க் கொஞ்சம் மக்கர் செய்கிறது என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "கவலைப்படாதம்மா, கேரண்டி இருக்கு. கம்பெனியில மாத்திக் குடுத்துருவாங்க" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அம்மாவும் சொன்னாங்கக்கா, அஞ்சு வருஷம் கேரண்டின்னு" என்றாள்.

அந்த வீட்டில் கேரண்டி என்றால் படத்துக்குக் கேரண்டி. அந்த அம்மா கேட்டது படங்கள் கெட்டுப் போகுமா என்று. நான் பதில் சொன்னது பெட்டியைப் பற்றி. அது எனக்கு அந்த ஃபோனில்தான் உறைத்தது. உறைத்தும் நான் திருத்தவில்லை. திருச்சியில் ஏதாவது வழி இருக்கும், முதலில் போய்ப் பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திருச்சியில் சர்வீஸ் சென்டர் ஒரு மாடியில் இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் பழைய டிஸ்க்கைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு, கடையில் சில்லறை மாற்றியவர் போல விசில் அடித்தபடி படியிறங்கிப் போனார். கவுண்டரில் இருந்த பெண் என் டிஸ்க்கைச் சொருகிப் பார்த்தாள். டிக் என்றது. அவளுக்கு அது பழகிய சத்தம். பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டு, "ரீப்ளேஸ்மெண்ட் ரெடியா இருக்கு மேடம், ஒரு கையெழுத்து மட்டும்" என்றாள்.

"உள்ள இருக்கற படம்?"

"டேட்டா எங்க பொறுப்பு இல்லைங்க மேடம். நீங்க வேற எடத்துல காப்பி வச்சிருப்பீங்கல்ல?"

"இந்தப் பழசு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்குப் போயிரும். சரி பண்ண முடிஞ்சா சரி பண்ணி, உள்ள இருக்கறதைத் தொடைச்சிட்டு வேற யாருக்காவது ரீப்ளேஸ்மெண்டா அனுப்புவாங்க."

"படத்தை எடுக்கணும்னா?"

"அதுக்குத் தனியா ரெக்கவரி பண்றவங்க சென்னையில இருக்காங்க. ஆனா அவங்க டிஸ்க்கைத் தொறப்பாங்க. தொறந்துட்டா வாரண்டி போயிரும்."

நான் கையை நீட்டி தட்டிலிருந்து டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புதுசு சும்மா கிடைக்கும்போது பழசைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருத்தியை அவள் பார்த்திருக்க மாட்டாள். "மேடம், புதுசு..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சென்னையில் இரண்டு இடங்களுக்கு ஃபோன் செய்தேன். கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்றார்கள். எடுத்த படங்களைத் திறந்து பார்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்களாம். "பெண்கள் யாராவது இந்த வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "ஏங்க, எங்க பசங்க எல்லாம் நல்ல பசங்கதாங்க" என்றார்.

இதை ஃபோனில் சொல்லக் கூடாது என்று நேராக லப்பைக்குடிக்காட்டுக்கே போனேன். அந்தப் பெண் வாசலுக்கு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். இறந்தவரின் அக்கா, அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மா, டீயும் அரிசி மாவு வாடாவும் கொண்டுவந்து வைத்தார். நான் படத்தோடு வந்திருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குவைத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன் பார்ப்பதற்காக வீடியோ காலில் காத்திருந்தார்.

"புதுசு குடுத்துட்டாங்களாக்கா? அதுல எல்லாப் படமும் இருக்குல்ல?"

நான் சொன்னேன். கேரண்டி என்பது டிஸ்க்குக்குத்தான், படத்துக்கு இல்லை என்று சொன்னேன். இத்தனை படித்த, இத்தனை விசாரித்த நான், அந்த ஒரு வாக்கியத்தை நாக்குக் குழறச் சொன்னேன். சென்னையில் எடுத்துத் தருவார்கள், ஆனால் அங்கே இருக்கும் ஆண்கள் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஃபோனிலிருந்து அண்ணன்தான் பேசினார். "சென்னைக்கு அனுப்பிருங்கக்கா. எவன் பாத்தா என்ன இப்ப? அம்மாவே இல்ல."

அந்தப் பெண் ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "வேணாம்ணே. பெரியம்மா, மாமி, எங்க மாமியார் வூட்டுப் பொம்பளைங்க, எல்லாரும் அதுல இருக்காங்க. எல்லாரும் முக்காடில்லாம இருந்தாங்க. அம்மா யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே அத்தனை தடவை சொன்னாங்க. அம்மா போனதுக்கப்புறம் அம்மா பேச்சை மீற முடியாது" என்றாள்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். எழுந்து போய்விடலாம் என்று நான் பையை எடுத்தேன்.

அவள் என் முழங்காலில் கை வைத்தாள்.

"நீங்க பாத்தீங்கல்லக்கா" என்றாள். "மாமியார் எனக்குக் கருகமணித் தாலி கட்டும்போது நான் தலையே நிமிரல. நீங்க எனக்கு நேர் எதிர்ல நின்னு எடுத்துக்கிட்டு இருந்தீங்க. அப்ப அம்மா எங்க நின்னாங்க? மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்கக்கா."

அந்தக் கணம் எனக்குத் துல்லியமாக நினைவிருந்தது. டியூப் லைட் வெளிச்சம் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியில் பட்டுத் தெறித்ததும், அதைத் தவிர்க்க நான் இடது பக்கம் நகர்ந்ததும், ஒரு கைக்குழந்தை தவழ்ந்து குறுக்கே வந்ததும் நினைவிருந்தது. டிஸ்க்கின் சீரியல் நம்பர் மனப்பாடமாக இருந்தது. அவள் அம்மாவின் முகம் மட்டும் வரவில்லை. அந்தக் கணத்தில் மட்டுமல்ல, எந்தக் கணத்திலும். என்னோடு தரையில் உட்கார்ந்து பேசிய குரல் கேட்டது, பெட்டியைத் திருப்பிய கை தெரிந்தது. கைக்கு மேலே ஒன்றும் இல்லை. படம்தான் இருக்கிறதே என்று நான் எதையும் பார்த்து வைக்கவில்லை போலிருக்கிறது.

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வீட்டில் ஒரே நாளில் இரண்டாவது தடவை வெறுங்கையை விரிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"உனக்குப் பின்னாடிதாம்மா நின்னாங்க" என்றேன். "சுவத்தோரமா. கண்ணு கலங்கிருந்துச்சு, ஆனா சிரிச்ச முகம். உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கட்டி முடிச்சதும் ரெண்டு கையையும் ஏந்தி துஆ செஞ்சாங்க."

எந்தக் கல்யாணத்திலும் எந்த அம்மாவும் செய்வது. ஆயிரம் படங்கள் எடுத்தவளுக்கு இதைச் சொல்லக் கஷ்டமா என்ன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "பின்னாடியேதான் இருந்தாங்களா? நான் திரும்பிப் பாக்கலையே" என்றாள். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "நீங்களும் பாத்தீங்களா பெரியம்மா?" என்றாள்.

பெரியம்மா டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா, அப்படித்தான் நின்னா" என்றார்.

கிளம்பும்போது வாசல் வரை அவர்தான் வந்தார். நான் செருப்பைப் போட்டேன். உள்ளே அந்தப் பெண் அண்ணனுக்குத் திரும்பவும் ஃபோன் போட்டு, அம்மா பின்னாடியே நின்னாங்களாம் என்று சொல்வது கேட்டது.

"அந்நேரம் அவ அடுப்படியில எங்கூட இருந்தா" என்றார் பெரியம்மா மெதுவாக. "வாங்க, கட்டப் போறாங்கன்னு கூப்பிட்டாங்க. வரமாட்டேன்னுட்டா. எனக்கு அழுகை வருது, புள்ளை என்னைப் பாத்தா அதுவும் அழும், கல்யாணப் பொண்ணு அழக் கூடாதுன்னு கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னா. எங்கூடத்தான் நின்னு துஆ செஞ்சா."

"அதைச் சொல்லியிருக்கலாமேம்மா. அவ கேட்டதும் அதைச் சொல்லியிருக்கலாமே."

"நான்தான் சொல்லணும்னு வாயெடுத்தேன். நீங்க சொல்லிட்டீங்க." அவர் குரலில் கோபமே இல்லை. "இனிமே எப்படிச் சொல்றது? நீங்க சொன்னதைப் புள்ளை புடிச்சுக்கிச்சு. பஸ் வந்துரும், பாத்துப் போங்க."

டிஸ்க் என் பீரோவில் இருக்கிறது. அதற்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. அந்தப் பெண் அவ்வப்போது எனக்கு ஃபோன் செய்கிறாள். குசலம் விசாரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அக்கா, அன்னைக்கு அம்மா நின்னதை இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்கிறாள். போன தடவை சொன்னதில் ஒரு சொல்லும் மாறிவிடாமல் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.